உலக நன்மைக்காக ஒரு குவியல் சருகு

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, சபரீஷ் தன் வீட்டு வாசலில் கூட்டிக் குவித்த வாதாமரச் சருகை ஹோமம் என்று பதிவு செய்தார்.

தெருமுனைக் காவல் கம்பத்தில் பச்சை விளக்கு எரிந்தது. "வணக்கம். திறந்தவெளித் தீ மூட்டப் போகிறீர்களா?" என்று அனலி கேட்டது. அனலிக்கு எப்போதும் செய்தி வாசிப்பவரின் தமிழ்தான்.

"ஆமாங்க. ஹோமமுங்க."

"உபயதாரர்?"

"சபரீஷ், மனை எண் நாப்பத்தேழு. பேரை வெளிய போட வேண்டாமுங்க."

"தன்னடக்கம் பாராட்டுக்குரியது. நோக்கம்?"

இந்தக் கேள்விக்கு சபரீஷ் என்றைக்குமே யோசித்ததில்லை. யாகத்துக்கோ விளக்கு பூஜைக்கோ நோட்டீஸ் அடித்தால் முதல் வரியில் என்ன போடுவார்களோ, அதையே அவரும் சொல்லிவிடுவார்.

"உலக நன்மை வேண்டிங்க."

"நல்ல நோக்கம். தொடங்கலாம்," என்றது அனலி. சபரீஷ் தீக்குச்சியைக் கிழித்தார்.

அந்தக் காலத்தில் அனலியைக் கேட்காமல் வீட்டுக்கு வெளியே ஒரு பீடிகூடப் பற்ற வைக்க முடியாது. ஐந்தாறு கோடைகள் அடுத்தடுத்து மலைகள் எரிந்து, அடிவாரத்துக் குடியிருப்புகளின் கேட்டைத் தட்டிவிட்டுப் போன பிறகு, அரசாங்கம் நூறடிக்கு ஒரு காவல் கம்பம் நட்டது. கம்பத்தின் உச்சியில் ஒரு மூக்கு. அது புகையை மோந்தால் போதும், தொண்ணூறு வினாடிக்குள் நீர்த்தும்பிகள் வந்து இறங்கும். கையகல இயந்திரங்கள்தான், ஆனால் நூறு சேர்ந்தால் ஒரு லாரித் தண்ணீரைப் பீய்ச்சிவிடும். மூக்குகளையும் தும்பிகளையும் மேய்க்கிற மூளைக்குத்தான் அனலி என்று பெயர்.

முதல் வருடம் அனலி எல்லாவற்றையும் அணைத்தது. கற்பூரத்தை அணைத்தது, ஆரத்தித் தட்டை அணைத்தது, பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்றில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து அக்னி குண்டத்தோடு மாப்பிள்ளையையும் சேர்த்துக் குளிப்பாட்டியது. அந்த மாப்பிள்ளைக்கு ஜன்னி கண்டதும்தான் 'புனிதத் தீ விலக்கு' என்று ஒரு சட்டம் பிறந்தது. சடங்குத் தீ என்று பதிவு செய்துவிட்டால் அதை அனலி தொடாது. அதோடு விட்டார்களா என்றால் இல்லை. சொன்ன நோக்கம் நிறைவேறும்வரை வேறு யாரும் அதை அணைத்துவிடாமல் தும்பிகளே காவல் நிற்கும். அந்தத் தீயிலிருந்து பற்றிய தீயும் அதே தீதான், ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுவதில்லையா. அதற்கும் அதே காவல். சடங்குத் தீ எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதையும் எழுதத்தான் நினைத்தார்கள். குண்டம் சதுரமா வட்டமா என்று குழுவில் அடிதடி ஆகிவிட்டதால் அந்த வரியைக் காலியாக விட்டுவிட்டார்கள்.

காலியாக விட்ட வரியில் நம் ஜனங்கள் என்ன எழுதுவார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

சாரல் நகரில் நூற்றுப் பதினாறு வீடுகள். கோவையின் மேற்கு ஓரத்தில், கரட்டுமலையின் காலடியில், காட்டைப் பார்த்தபடி வீடு என்று ஆசைகாட்டி விற்ற மனைகள். தெருவெல்லாம் வாதாமரம். மாசி பிறந்தால் முறம் முறமாக இலை கொட்டும். அதை மூட்டை கட்டிப் பூங்காவுக்குப் பின்னால் இருக்கும் உரக்குழிவரை சுமக்க வேண்டும். முந்நூறடி தூரம்தான். ஆனால் சருகுக் குவியலைப் பார்த்தால் தீப்பெட்டியைத் தேடுகிற கை நம்முடையது, அந்தக் கைக்கு முந்நூறடி ரொம்ப தூரம்.

சபரீஷுக்கு அறுபத்தொரு வயது. ஒரு காலத்தில் பள்ளிக்கூட வேன்களில் கூச்சல் போட்ட சபரீஷ்களும் வர்ஷினிகளும் மூட்டுக்குத் தைலம் தேய்க்கத் தொடங்கியிருந்த காலம் அது. மோட்டார் பம்பு கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்த்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருடமாக நகர்ச் சங்கத்தின் செயலாளர். அந்தப் பதவி அவருக்கு உயிர். 'சருகு எரிப்பது குற்றம், சருகு எரிப்பவர் சமூக விரோதி' என்று இந்த வருடம் மட்டும் பதினான்கு சுற்றறிக்கை விட்டிருந்தார். பதினான்கிலும் அவருடைய கையெழுத்து பெரிதாக இருக்கும்.

ஹோமத்தைக் கொளுத்திவிட்டு அவர் இட்லி சாப்பிட உள்ளே போனார். ஏழேகாலுக்குக் கீழ்காற்று எழுந்தது. எரிகிற வாதாம் இலை ஒன்று எழும்பி, மதிலைத் தாண்டி, காலி மனையில் காய்ந்து நின்ற மஞ்சம்புல்லில் உட்கார்ந்தது. மூன்றாவது இட்லிக்குச் சட்னி கேட்கும்போது புல் எரிந்தது. கை கழுவும்போது கரட்டுமலையின் அடிவாரம் எரிந்தது. அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, ஆயிரக்கணக்கான தும்பிகள் தீயின் இரண்டு பக்கமும் வரிசை கட்டி, சாமி ஊர்வலத்தைக் கூட்டிக்கொண்டு போவதுபோல மலைமேல் போய்க்கொண்டிருந்தன.

பின்னாலேயே வந்த வர்ஷினி மலையைப் பார்த்தாள், வாசலில் இருந்த சாம்பலைப் பார்த்தாள், கடைசியில் புருஷனைப் பார்த்தாள்.

"ஏனுங்க," என்றாள்.

"நான் ஒண்ணும் பண்ணுல," என்றார் சபரீஷ்.

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்குலீங்களே."

ஒன்பது மணிக்குத் தீயணைப்பு நிலைய அலுவலர் ஷைனி இரண்டு வண்டிகளோடு வந்தார். தூத்துக்குடிக்காரர், குரலிலேயே பாதித் தீயை அணைத்துவிடக்கூடிய பெண்மணி. குழாயைத் திருப்பித் தண்ணீரைத் திறந்ததும் முந்நூறு தும்பிகள் குறுக்கே வந்து அடுக்கடுக்காக நின்றன. தண்ணீர் அத்தனையும் அவற்றின் மேல் பட்டுத் தெறித்து, வேடிக்கை பார்க்க வந்த சங்கத் தலைவர் கௌசிக்கை நனைத்தது.

"இது புனிதத் தீ. தயவுசெய்து விலகி நிற்கவும். காலணிகளைக் கழற்றிவிடவும்," என்றது அனலி.

ஷைனி கம்பத்தை ஏற இறங்கப் பார்த்தார். "என்னா புனிதம்? மலை எரியுது, தெரியலியா? எவன் வச்சாம்னு சொல்லு."

"உபயதாரர் பெயர் வெளியிட விரும்பாத ஓர் அன்பர்."

"அந்த அன்பரு கையில கிடைச்சா நான் பூஜை போடுதேன்." அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். "இங்க பாருங்க. இப்ப கீழ்காத்து. தீ நம்மள விட்டு மேல போகுது. ரெண்டு மணிக்கு மேல்காத்து திரும்பும். திரும்பிச்சுன்னா எரிஞ்சது போக மிச்சம் இருக்கிற தெக்குச் சரிவு அம்புட்டும் புடிச்சு, நேரா உங்க வீட்டுக்குத்தான் வரும். வண்டில ஏறிக் கிளம்புங்க. அதுக்குள்ள அந்த அன்பரு நோக்கத்த வாபஸ் வாங்கிட்டாம்னா அனலியே பத்து நிமிஷத்துல அணைச்சிரும். இல்லேன்னா எனக்குச் செய்ய ஒண்ணுமில்ல."

கூட்டத்தில் எல்லோரும் அந்த அன்பரைத் திட்டினார்கள். கௌசிக் ஈரச் சட்டையோடு நின்று, அவன் வம்சம் விளங்காது என்றார். சபரீஷும் தலையை ஆட்டி ஆமோதித்தார். செயலாளர் ஆமோதிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது.

ஊரைக் கிளப்பும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார், வயதானவர்களைத் தூக்கி வண்டியில் ஏற்றினார், கேஸ் சிலிண்டர்களைக் கழற்றினார். செயலாளர் மாதிரி ஒரு மனுஷன் உண்டா என்று நாலு பேர் சொன்னார்கள். ஒவ்வொரு முறை யாராவது அப்படிச் சொன்னபோதும் அவருக்கு அழுகை வந்தது. காடு கொளுத்தியவனுக்கு ஏழு வருடச் சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. அதைச் சுற்றறிக்கையில் தடித்த எழுத்தில் போட்டவரே அவர்தான்.

ஒரு மணிக்குத் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் இருந்த கம்பத்திடம் தனியாகப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அனலி, நாப்பத்தேழு பேசறேன். ஹோமம் நல்லபடியா முடிஞ்சுதுங்க. அணைச்சுருங்க."

"மகிழ்ச்சி. நோக்கம் நிறைவேறியதா?"

"ஆச்சுங்க. உலகம் நல்லாருக்குது."

"சரிபார்த்தேன். இன்று காலை நிலவரப்படி உலகில் பத்தொன்பது போர்கள் நடக்கின்றன. நான்கு நாடுகளில் பஞ்சம். தங்கள் தெருவிலேயே மதில்சுவர் தகராறு மூன்று வழக்கில் இருக்கிறது, அதில் ஒன்றில் வாதி தாங்கள். நோக்கம் நிறைவேறவில்லை. ஹோமம் தொடரும்."

"அதெல்லாம் என்னைக்குங்க நெறவேறறது?"

"அது எனக்குத் தெரியாது. நோக்கம் தங்களுடையது."

"மாத்திக்கலாமுங்களா?"

"மாற்றலாம். தீயின் முன் நின்று, சாட்சிகள் கேட்க, எதற்காகத் தீ வைத்தீர்கள் என்ற உண்மையை உரக்கச் சொல்ல வேண்டும்."

சபரீஷ் தொட்டியில் சாய்ந்துகொண்டார். அப்புறம்தான் அவருக்கு சந்திரமௌலி குருக்களின் ஞாபகம் வந்தது. தொடங்கியதை முடித்துவைக்க ஒரு முறை இருக்குமே. பிள்ளையார் கோயில் குருக்கள் பட்டுத்துணியும் நெய்யும் கொப்பரையுமாக ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வந்தவர் மலையைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"இது யார் நடத்தின ஹோமம்?"

"ஓர் அன்பருங்க சாமி. நீங்க பூர்ணாஹுதி பண்ணி முடிச்சுக் குடுத்துட்டாப் போதும்."

"என்ன ஹோமம்? கணபதியா, நவக்கிரகமா, சுதர்சனமா? சங்கல்பம் யார் பண்ணி வெச்சா?"

சபரீஷ் செருப்பு நுனியைப் பார்த்தார். குருக்கள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நெய்ச் சொம்பை மூடினார். "செகரட்டரி சார், நான் ஆரம்பிச்சு வெச்சிருந்தா முடிச்சு வெப்பேன். சருகுக்கு மந்திரம் எங்கப்பா எனக்குச் சொல்லித் தரலையே." சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பினார். பாதி தூரம் போனவர் திரும்பிப் பார்த்து, "அக்னி பொய் பொறுக்காது. அத மட்டும் தெரியும்," என்றார்.

இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு மேல்காற்று திரும்பியது. மலையின் வாயிலிருந்து உறுமல் ஒன்று இறங்கியது. தெற்குச் சரிவில் ஒரு புதர் விடாமல் பற்றிக்கொண்டு தீ கீழே வந்தது. தும்பிகள் முன்னால் விலகி விலகி அதற்கு வழிவிட்டன. கடைசித் தெருவில் மூன்று வேன்கள் இன்னும் கிளம்பவில்லை, சாம்பல் மழைபோலக் கொட்டியதில் ஓட்டுநர்களுக்குச் சாலை தெரியவில்லை. அதில் ஒரு வேனில் வர்ஷினி இருந்தாள். புருஷன் வராமல் போகமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சபரீஷ் வேனைப் பார்த்தார். ஏழு வருடம் என்பது அப்போது அவருக்கு ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. ஷைனியின் கையிலிருந்த ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தீயைப் பார்த்து நடந்தார். முகம் பொசுங்குகிற தூரத்தில் நின்றார்.

"அனலி, உலக நன்மையும் இல்ல, ஒரு மண்ணும் இல்லீங்க. எங்கூட்டு வாதாமரச் சருகு. உரக்குழி வரைக்கும் சொமக்கச் சோம்பல்பட்டுட்டுத் தீ வெச்சேன். சபரீஷ், நாப்பத்தேழு. நாந்தான் வெச்சேன்." குரல் உடைந்துவிட்டது. ஒலிபெருக்கியில் உடைந்ததால் ஊருக்கே கேட்டது.

"உண்மை பதிவு செய்யப்பட்டது. நோக்கம், சருகு எரிதல்." அனலி மலையை ஒருமுறை மோந்து பார்த்தது. "கரட்டுமலையில் மீதமுள்ள சருகு, இல்லை. நோக்கம் முழுமையாக நிறைவேறியது. வாழ்த்துகள்."

அத்தனை தும்பிகளும் ஒரே நேரத்தில் திரும்பின. கடைசித் தெரு மதிலுக்கு அறுபதடி முன்னால் தீயின் தலை அடங்கியது. ஒன்பது நிமிடத்தில் மலை கரிச்சட்டியாக நின்று புகைந்தது. மனிதர்களில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சபரீஷ் அப்படியே சாம்பலில் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. ஆனால் காலையிலிருந்து இப்போதுதான் ஒழுங்காக மூச்சு வந்தது.

வர்ஷினி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "காலைலயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்லங்க," என்றாள்.

ஷைனி பெயரை எழுதிக்கொண்டார். "விசாரணை இருக்கு சார். ஆனா நேரத்துக்கு வாயத் தொறந்தீங்க, அதையும் எழுதுதேன்."

சபரீஷ் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பெட்டி கட்டி வைத்திருந்தார். ஊர் அவரைக் காறித் துப்பும் என்றுதான் எதிர்பார்த்தார். ஆனால் புதன்கிழமையிலிருந்து வீட்டுக்குப் பலகாரம் வரத் தொடங்கியது. கௌசிக் நேரில் வந்து தோளில் கைபோட்டார்.

விஷயம் இதுதான். விசாரணைக்காக அனலி ஒரு கணக்கெடுப்பு வெளியிட்டிருந்தது. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் சாரல் நகரில் உலக நன்மை வேண்டி எண்பத்துமூன்று ஹோமங்கள் நடந்திருக்கின்றன. எண்பத்துமூன்றும் பெயர் வெளியிட விரும்பாத அன்பர்கள். நாற்பத்தேழாம் மனையின் ஹோமம் பொய் என்று விசாரணையில் முடிவானால் மற்ற எண்பத்திரண்டு பெயர்களும் திறக்கப்படும்.

ஞாயிறு பதினோரு மணிக்குச் சங்கக் கட்டடத்தில் அவசரக் கூட்டம். வராத வீடே இல்லை.

"நம்ம சபரீஷ் அண்ணன் பதட்டத்துல என்னமோ சொல்லிட்டாருங்க," என்று கௌசிக் தொடங்கினார். "நெருப்பு கிட்ட நின்னா யாருக்குமே வாய் கொழறும். அது நெசமான ஹோமம். உலக நன்மைக்காக நடந்த ஹோமம். நாம நூத்திப் பதினாறு வீடும் அதுக்குக் கூட்டு உபயதாரருங்கன்னு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டுறலாம். அண்ணனையும் விட்டுருவாங்க, ஊர் மானமும் தப்பிச்சுக்கும்."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. சபரீஷுக்கு நெஞ்சு நெகிழ்ந்து போயிற்று. ஊரே தனக்காக நிற்கிறது என்று நினைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வர்ஷினி அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"ஒருக்காச் சொன்ன நெசத்த எதுக்குங்க திருப்பி வாங்கறீங்க?"

"ஏழு வருசம் கண்ணு," என்றார் அவர். கையெழுத்துப் போட்டார். இந்த முறை கையெழுத்து சின்னதாகத்தான் விழுந்தது. வர்ஷினியைத் தவிர எல்லோரும் போட்டார்கள். பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு கௌசிக் மனுவை அனுப்பினார். லட்டு சுற்றி வந்தது.

லட்டு இரண்டாவது வரிசைக்கு வருவதற்குள் வாசல் கம்பம் பேசியது.

"மனு ஏற்கப்பட்டது. கடந்த வாரத்து ஹோமம் உண்மையானது, நோக்கம் உலக நன்மை, கூட்டு உபயதாரர்கள் நூற்றுப் பதினாறு பேர் என்று திருத்தப்பட்டது. நோக்கம் நிறைவேறும் முன்பே தவறான தகவலை நம்பி நான் தீயை அணைத்துவிட்டேன். இது என் பிழை. மன்னிக்கவும். விதிப்படி மூலத் தீயின் கங்கு பாதுகாக்கப்பட்டுள்ளது. ஹோமத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்."

லட்டுத் தட்டு வைத்திருந்தவர் அப்படியே நின்றார்.

"எ... எங்கீங்க தொடர்றீங்க?" என்றார் கௌசிக்.

"மலையில் எரிவதற்கு எதுவும் இல்லை. எனவே உபயதாரர்களின் வாசலில். வீட்டுக்கு ஒரு கங்கு."

ஜன்னல் வழியே பார்த்தால், நூற்றுப் பதினாறு தும்பிகள் ஆளுக்கொரு சின்ன இரும்புக் கிண்ணத்தைத் தொங்கவிட்டபடி தெருவின் மேல் வந்து நின்றுகொண்டிருந்தன. கிண்ணங்களில் சிவப்பாகக் கனன்றது.

சபரீஷ் எழுந்து கம்பத்துக்கு ஓடினார். அவருக்கு இதில் இப்போது பழக்கம் இருந்தது. "அனலி, மனு பொய்யிங்க. உலக நன்மை இல்ல. சருகுதான். எல்லாருக்கும் சருகுதானுங்க." பின்னாலேயே கூட்டமும் ஓடிவந்தது. ஆமாங்க, சருகுதானுங்க, எங்களுக்கும் சருகுதானுங்க என்று நூற்றுப் பதினைந்து குரல்கள் கேட்டன. அந்த ஊரில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் உண்மை பேசியது அதுதான் முதல் தடவை.

"பதிவு செய்யப்பட்டது. உபயதாரர்கள் நூற்றுப் பதினாறு பேர். நோக்கம், சருகு எரிதல். தற்போது தங்கள் வாசல்களில் உள்ள சருகு, மூன்றேகால் டன். நோக்கம் இன்னும் நிறைவேறவில்லை. தொடங்குகிறேன்."

கூட்டத்தின் பின்னாலிருந்து வர்ஷினி மட்டும் கேட்டாள். "ஏனுங்க அனலி, வாசல்ல சருகே இல்லீன்னா?"

"எரிக்கச் சருகு இல்லையென்றால் நோக்கம் நிறைவேறியதாகவே கொள்ளப்படும்."

"எப்பத் தொடங்கறீங்க?"

"இப்போது எமகண்டம். நல்ல காரியம் தொடங்கலாகாது. ஒன்றரை மணிக்கு."

அப்புறம் சாரல் நகரில் நடந்ததை, தகவல் கேட்டு வண்டியோடு வந்து பார்த்த ஷைனி அன்று சாயங்காலம் நிலையத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். உச்சி வெயிலில், பட்டுப்புடவையோடும் வெள்ளை வேட்டியோடும், ஊர் மொத்தமும் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு இறங்கியது. கிடைத்த சாக்கு, தலையணை உறை, மெத்தை விரிப்பு எல்லாவற்றிலும் சருகைக் கட்டி உரக்குழிக்கு ஓடினார்கள். முந்நூறடி தூரத்தை கௌசிக் பதினேழு முறை போய்வந்தார். மதில்சுவர் வழக்கில் எதிரெதிராக நின்ற இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே மூட்டையின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். தலைக்கு மேலே ஒவ்வொரு வாசலிலும் கங்குக் கிண்ணம் ஆடாமல் நின்றது.

ஒன்றரை மணிக்குத் தெருவில் ஒரு சருகு இல்லை. இவ்வளவு சுத்தமாக அந்தத் தெருவை யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு கம்பத்தைப் பார்த்தார்கள்.

"சருகு, இல்லை. நோக்கம் நிறைவேறி..." என்று தொடங்கியது அனலி.

நாற்பத்தேழாம் மனையின் வாதாமரத்திலிருந்து ஓர் இலை விழுந்தது.

"திருத்தம். சருகு, ஒன்று."

சபரீஷின் வாசலில் நின்ற தும்பி ஒரு சாண் கீழே இறங்கியது. அவர் பாய்ந்து இலையைப் பொறுக்கினார். தும்பி பழைய உயரத்துக்கு ஏறியது. அதற்குள் எதிர்வீட்டில் ஒன்று விழுந்தது, அடுத்த தெருவில் இரண்டு.

"மரத்தையே வெட்டிப்போட்டா?" என்றார் கௌசிக் குரலைத் தாழ்த்தி.

"வெட்டினால் மொத்த இலையும் சருகாகும்," என்றது அனலி. அதற்குக் காது நன்றாகக் கேட்கும். "எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை."

வாதாமரம் வருடத்துக்கு இரண்டு முறை இலை உதிர்க்கிற ஜாதி. சபரீஷ் கையில் ஓர் இலையோடு நின்று மேலே அண்ணாந்து பார்த்தார். பழுத்துச் சிவந்த இலைகள் கிளை முழுக்க இருந்தன, காற்றும் எழுந்துகொண்டிருந்தது. வர்ஷினி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து மரத்தடியில் போட்டாள். அவர் கையில் விளக்குமாற்றைக் கொடுத்தாள்.

"ஏழு வருசம் உள்ள இருந்திருந்தா மூணு வேளைச் சோறாவது நேரத்துக்குக் கெடைச்சிருக்குமுங்க," என்றாள். சொல்லிவிட்டு, தனக்கும் ஒரு நாற்காலி எடுத்து வர உள்ளே போனாள்.